கைப்பிடி இல்லாமல்

இளஞ்சிவப்பு அட்டை கைக்கு வந்த வாரம்
ஒரு சுத்தியல் வாங்கப் போனேன்.
புங்கோலில் புது வீடு.
வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.
முதல் ஆணியை
இந்த நாட்டுச் சுத்தியல்தான் அடிக்க வேண்டும் என்று
ஏனோ தோன்றிவிட்டது.
புதிதாக மதம் மாறியவளின் வைராக்கியம்
என்றார் வீட்டுக்காரர்,
சோபாவிலிருந்து எழாமலே.

ஜாலான் புசாரில் கோ பூன் ஹுவாட்டின் கடை.
கூரைவரை திருகாணிப் பெட்டிகள்,
நடுவே ஒருவர் மட்டும் நுழையும் சந்து.
முழுக்க இங்கேயே செய்ததாக ஒன்று வேண்டும் என்றேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பதுபோல்
சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தலை தைவான். காம்பு அமெரிக்க மரம்.
இடுக்கி ஜெர்மனி.
உளி ஜப்பான்; அதற்கு மட்டும் குரலில் கொஞ்சம் மரியாதை.
அளவு நாடாவின் முதுகில் சிங்கப்பூர் என்றிருந்தது.
துள்ளிவிட்டேன்.
"அது இறக்குமதி பண்ணவன் முகவரி லா."

பிறகு காக்கி புக்கிட், சுங்கை காடுட்,
ஒரு ஞாயிறு முழுவதும் பேருந்து.
பாக்கெட்டில் அடைத்தது இங்கேதான் என்றார் ஒருவர்.
வரைந்தது இங்கே, வார்த்தது வியட்நாம், இன்னொருவர்.
கல்லாவில் இருந்த பெண்
கைபேசியை விட்டு நிமிராமல் கேட்டாள்:
"பினாங்கு பரவாயில்லையா?"
பக்கத்தில்தான். ஆனாலும் இல்லை.

திங்கள்கிழமை துவாஸ்.
நான் பாதுகாப்பு அதிகாரி;
தலைக்கவசம் போடாதவர்களைப் பிடிப்பது என் பிழைப்பு.
மூன்றாம் தளத்தில் குந்தியபடி
ரெஜாவுல் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.
கையில் ஒரு கொக்கி.
மெல்லிய கம்பியை மாட்டி, மூன்று சுழற்று,
அடுத்த முடிச்சு.
கொக்கியில் எந்த எழுத்தும் இல்லை.
எந்த ஊர் என்றேன்.
"மைமன்சிங், அக்கா."
நீங்கள் இல்லை, கொக்கி.

அறைத்தோழர்களிடம் கற்ற தமிழில் சொன்னார்:
வெட்டிப்போட்ட துண்டுக் கம்பி,
இங்கேயே வளைத்து, நுனியை அரைத்தது,
சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம்.
ஓடிப்போய்க் கம்பிக்கட்டின் தகரச் சீட்டைப் பார்த்தேன்.
பழைய இரும்பை உருக்கி
ஜூரோங்கில் இழுத்தது.
அந்தப் பழைய இரும்பு முதலில்
எந்தக் கப்பலில் வந்தது என்று நான் கேட்கவில்லை.
எங்கேயாவது நிறுத்த வேண்டுமே.

"சரி, கைப்பிடி?"
பச்சை ரப்பர் குழாய்த் துண்டு.
புரட்டிப் படித்தார். ஜொகூர்.
என் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.
கத்தியால் ஒரு கீறல்,
பாம்புச் சட்டையாய்க் குழாய் உரிந்து விழுந்தது.
வெற்றுக் கொக்கியை நீட்டினார்.
"இப்போ சிங்கப்பூர்."

பணம் வாங்கவில்லை.
தே தாரிக்குக்கு ஒப்புக்கொண்டார், சீனி கூட.
டிசம்பரில் பெர்மிட் முடிகிறது,
ஊரில் மீன்குட்டை வெட்டப் போகிறாராம்.
கொக்கி இன்னும் அவர் கைச்சூட்டில் இருந்தது.
இறுக்கிப் பிடித்தால்
கம்பியின் வரிகள் உள்ளங்கையில் பதிகின்றன.
கையுறை இல்லாமல் இப்படிப் பிடிப்பவரை
நானே எழுதிக்கொடுக்க வேண்டும்.

ரயிலில் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
பிறந்த நாடு என்ற இடத்தில்
இந்தியா.
அதை உரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
கத்தியைத் தேடி நானும் போகப்போவதில்லை.

கொக்கியால் ஆணி அடிக்க முடியாது.
புதன்கிழமை பூன் ஹுவாட்டிடமே போய்
தைவான் தலையை வாங்கிவந்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டு வெள்ளி குறைத்தார்.

முதல் ஆணி வளைந்துபோனது. கான்கிரீட்.
இரண்டாவது நின்றது.
கொக்கியை அதில் மாட்டிவிட்டுத் தள்ளிநின்று பார்த்தேன்.
ஆணி எந்த நாடு என்றார் வீட்டுக்காரர்.

பெட்டியை எறிந்துவிட்டேன் என்றேன்.