கோடு போடாத ஏழு

நவம்பர் வந்தால் லாங்கென்டாலில்
எல்லோருக்கும் ஒரே நாளில் பனி ஞாபகம் வரும்.
காலை ஏழரைக்கே வாசலில் பதினொரு கார்.
மூலையில் கம்பிரசர் இருமி இருமி
எட்டு பாருக்கு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

நீலச் சட்டை போட்டது பதினேழு,
மஞ்சள் பத்தொன்பது, சிவப்பு இருபத்தொன்று.
இம்பக்ட் றெஞ்சிடம் அடிவாங்கும் சொக்கெற்றுகள்
சட்டைக்கு உள்ளே எல்லாம் கறுப்பு.
பெட்டியில் பளபளக்கும் குரோம்காரர்களை
இந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது.
ஒரு தரம் கூப்பிட்டேன்.
தெறித்த துண்டு இன்னும் கூரைத் தகட்டில் நிற்கிறது.

ஒன்பது மணிக்குத் திருமதி சுர்புகெனின் வெள்ளை வான்.
பின் இருக்கையில்
குழந்தை நிறுக்கும் துணித் தராசு.

முன் இடது சக்கரம், ஐந்து போல்ற்.
விசையை அழுத்தினேன்.
டகடகடகடகடக
வழக்கமாக மூன்றாவது அடியில் மனம் மாறும் இரும்பு
அசையவில்லை.
தோள்வரை அதிர்ந்தது. கடைவாய்ப் பல்லும்.

‘எந்த மாடடா இதை இறுக்கினது?’
தமிழில்தான் கேட்டேன்.
பக்கத்து லிப்டில் நிற்கும் றெட்டோவுக்கு
என் தமிழில் ‘மாடு’ மட்டும் விளங்கும்.
சிரித்தான்.

அவர் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று கதைத்தார்.
‘ஓகஸ்ட்டில், கிரவுஹோல்ஸ் ஏற்றத்தில்
பின் வலது ரயர் வெடித்தது.
இரவு இரண்டு மணி, நல்ல மழை.
காரோடு தந்த சாவியில் ஏறி நின்று குதித்தேன்,
எழுபத்திரண்டு கிலோவும். ம்ஹூம்.
உதவிக்கு வந்தவன்
ஒரு மீற்றர் குழாய் மாட்டித்தான் கழற்றினான்.
நான் போய்ச் சேர முன்னம்
பிள்ளை பிறந்து, துடைத்து,
பாலும் குடித்துத் தூங்கிவிட்டது.’
சிரித்தார். காப்பி தளம்பியது.

யாரென்று பார்த்துவிடுவோம் என்று
பழைய வேலைத்தாளை எடுத்தேன்.
ஏப்ரல் 17. கோடை ரயர்.
நூற்றிருபது நியூட்டன் மீற்றர், கட்டத்துக்குள் ஒரு டிக்.

இந்த நாட்டில் ஏழுக்கு
இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு உண்டு.
றெட்டோவின் ஏழுக்கு உண்டு.
முதலாளி லூத்தியின் ஏழுக்கு உண்டு.
தாளில் இருந்த ஏழு வெறும் இடுப்போடு நின்றது.

என்ன கிழமை அது? யாரோடு கோபம்?
ஒன்றும் வரவில்லை.
வாசலில் இன்னும் ஆறு கார் நின்றிருக்கும்.
டோர்க் றெஞ்ச் பத்தடி தள்ளிச் சுவரில் தொங்கியிருக்கும்.
விரல் விசையிலேயே இருந்திருக்கும்,
இன்னொரு நொடி, இன்னொரு நொடி.
டிக் என்று கேட்காமலே
டிக் போட்டிருக்கிறேன்.

நீளக் கம்பி எடுத்தேன். முழு உடம்பையும் கொடுத்தேன்.
மூன்று சக்கரம், பதினைந்து போல்ற்,
ஒவ்வொன்றும் ஒரு கிறீச்.
துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி
பனி ரயர்களை ஏற்றி
கையால் இரண்டு சுற்று, பிறகு றெஞ்ச், அதுவும் மெல்ல.
காரை இறக்கி முழங்காலில் நின்று
ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு.
டிக். டிக்.
வாசலில் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.
டிக்.

‘உங்கள் சாவியை எடுங்கள்’ என்றேன்.
‘ஏன்?’
‘ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.’
கோப்பையைத் தரையில் வைத்தார்.
சப்பாத்தை வைத்து ஒரு மிதி.
ட்ரக்.
‘ஓ’ என்றார். பிறகு என்னைப் பார்த்தார்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

‘அந்த மாடு நான்தான்’ என்றேன்,
இந்தத் தடவை ஜெர்மனில்.
றெட்டோவுக்கு முழுவதும் விளங்கியது.
சிரிக்கவில்லை.

அவர் குனிந்து கோப்பையை எடுத்தார்.
ஆறிய காப்பியைக் குடித்து முடித்தார்.
‘மூன்று கிலோ நானூறு’ என்றார்.
‘பெண் பிள்ளை.
ஒரு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தேன்,
நூறு கிராம் கூட.’

அவர் அவிழ்த்த போல்ற்றைத்
திரும்பக் கையால் பிடித்தேன்.
சூடாக இருந்தது, அல்லது என் கை.