ஏழாவது இருக்கை

மயூர் விஹாரில், ஜெசிந்தா வீட்டு மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே யமுனை இருப்பதாக நம்பினோம்.
புகைமூட்டம்.

வரைபடத்தைத் தரையில் விரித்தோம். மூலைக்கு ஒன்றாக
இருமல் மருந்து, சாவிக்கொத்து, ஊறுகாய் பாட்டில்,
நாச்சியப்பனின் ஒற்றைச் செருப்பு.

பிக்கானேர் வழியா ஜோத்பூர் வழியா என்பதிலேயே
ஒன்றரை மணி நேரம் கரைந்தது.
கானமயிலுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.
"மிச்சமே நூத்துச் சொச்சம்தான்," என்றாள் முபீனா,
"அதுக்கு நம்மளப் பாக்கணும்னு என்ன தலையெழுத்து?"

டீசல், சுங்கம், பாலைவனக் கூடாரம்
எல்லாவற்றையும் ஏழால் வகுத்தேன்.

"எனக்கு முதுகுவலி. நீங்க போயிட்டு வாங்க"
என்றான் திருமாறன்.
ஜூலையில் வேலை போனதை
அவன் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஜெசிந்தா பென்சிலைப் பிடுங்கி
ஏழை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.
"ஓட்டுறவனுக்குப் பங்கு கிடையாது.
ராத்திரியில மணல் ரோட்டுல ஓட்ட
இங்க வேற யாருக்குத் தெரியும்?"

நான்கு பேரிடம் உரிமம் இருந்தது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து
ஜெய்சல்மருக்கும் மேற்கே, கோடுகள் தீர்ந்துபோன இடத்தில்
விரலை வைத்தான்.
"விடியறப்போ இங்க நிக்கணும்னா..."

முழங்கை பட்டு பாட்டில் உருண்டது.
ராஜஸ்தான் முழுக்க நல்லெண்ணெய்.