சீட்டின் பின்பக்கம்

ஹோஃப்சோஸ் துறைமுகத்தின் எடைமேடையில் எனக்கு வேலை.
மீன் தொட்டிகள் வரும், பனிக்கட்டியோடு.
மொத்த எடையில் தொட்டியைக் கழி, பனியைக் கழி,
மிச்சம் மீன்.
பதினாறு வருஷத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை.

அச்சுப் பிழையான சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
அவற்றின் பின்பக்கம் தோக்காவுக்கு.

தோக்கா என்றால் எங்கள் மொழியில் மூடுபனி.
சாம்பல் நிறம், ஏழு வயது.
முன்பு வைத்திருந்தவன்
காதை முறுக்கிக் கடிவாளம் மாட்டியவன்.
விலை குறைவாய்ச் சொன்னான்.
ஏன் என்று கேட்காமல் வாங்கினேன்.

நவம்பர் நான்கு: காதைத் தொட விடவில்லை.
நவம்பர் ஒன்பது: காது, அதே கதை.
சேணத்தைக் கண்டதும் வயிற்றை உப்பிக்கொண்டாள்.
பார்த்தால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
நவம்பர் இருபத்தொன்று: ஏறினேன்.
பதினோரு எட்டு. இறங்கினேன்.
டிசம்பர், தேதி போடவில்லை: நெற்றி விளக்கோடு லாயத்தில்.
கடிவாளம் மாட்ட நாற்பது நிமிடம்.
விரல் மரத்துவிட்டது. காது. காது.

வெள்ளிக்கிழமைதோறும் கிரேனிலிருந்து இறங்கி
காப்பிக் கோப்பையோடு எர்லிகுர் கேட்பான்:
"தோல்ட் நடை வந்ததா?"

நான்கு குளம்பும் தனித்தனியாய்த் தரை தொட,
மேலே இருப்பவளின் கோப்பையில் காப்பி தளும்பாத நடை.
அவன் மகளின் குதிரை முதல் மாதமே நடந்துவிட்டதாம்,
நாடாவெல்லாம் வாங்கிவிட்டதாம்.

"இல்லை" என்பேன்.
குதிரைக்கொம்பு என்பார்களே,
எனக்கு அந்த நடை அது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்.
பனி உருகிய வேலியோரம் போய்க்கொண்டிருந்தோம்.
புல்லுருண்டையைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக்
காற்றில் கிழிந்து படபடத்து
எங்கள் முன்னால் எழுந்து நின்றது, ஆள் உயரத்துக்கு.

போன செப்டம்பரில் இதே பிளாஸ்டிக்தான்
என்னை வாய்க்காலில் எறிந்தது.
காறையெலும்பு இன்னும் மழைக்கு முன் சொல்லும்.

தோக்கா நின்றாள்.
தோல் மட்டும் ஒருமுறை சிலிர்த்தது, ஈ உட்கார்ந்த மாதிரி.
ஒரு காது முன்னால்,
மற்றது என் பக்கம் திரும்பி:
நீ என்ன சொல்கிறாய்?

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் முள்கம்பியில் போய்ச் சிக்கியது.
அவள் மூச்சை நீளமாய் விட்டாள்,
என் தொடைகளுக்கிடையில் ஒரு துருத்தி அடங்கியது.
நடந்தோம்.

வேலி முடியும் இடத்தில்தான் கையைப் பார்த்தேன்.
வார் தொய்வாகவே கிடந்தது.
பிடரியைப் பற்றவில்லை.
முழங்கால் இறுகவில்லை.
பயப்பட மறந்திருக்கிறேன்,
அடுப்பை அணைக்க மறப்பதுபோல.

வெள்ளிக்கிழமை.
"வந்ததா?"
"நின்றாள்."
"நிற்பதற்கா ஆறு மாதம்?"
"ஆமாம். எனக்கும் சேர்த்து."
எர்லிகுர் சிரித்தான். நானும்தான்.
அடுத்த படகு அதற்குள் கரை சேர்ந்திருந்தது.

அன்றிரவு சீட்டுகளை மேஜையில் பரப்பினேன்.
மீன் நாற்றம் போகாத தாள்கள்.
காது என்ற சொல்லைத் தேடினேன்.
நவம்பரில் ஒன்பது இடம்.
டிசம்பரில் எண்ண முடியவில்லை, சில கோபத்தில் கிழிந்திருந்தன.
ஜனவரியில் நான்கு.
பிறகு இல்லை.

இன்று காலைகூடத் தொட்டேனே.
பனித்துளியைத் துடைக்க,
உள்மடிப்பு வரை விரல் விட்டு,
வேறெதையோ நினைத்துக்கொண்டு.

எந்த நாளில் விட்டாள்?
தலையைத் தாழ்த்தி
முதல்முறை என் உள்ளங்கையில் அந்தக் காதை
வைத்திருப்பாள் அல்லவா?
நான் அங்கே இருந்திருப்பேன் அல்லவா?

ஜனவரி முடிந்து
காது இல்லாத முதல் சீட்டை எடுத்தேன்.
முன்பக்கம் இரண்டாயிரத்து நூற்றுப்பத்து கிலோ, பனி நீக்கி.
பின்பக்கம் என் கையெழுத்தில்
மழை என்று மட்டும்.