இடக்கை மட்டைகள்

வள்ளியூர் பழைய இரும்புக் கடையில்
ஆறு மட்டையும் கிழிந்த பையும்
தராசில் ஏறின.
நாலு கிலோ எழுநூறு.
துராபுஷா பாய் தடித்த மட்டையின் தலையைத்
தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இது உள்ள கூடு. தகர ரேட்டுதான்."
பதினொரு பந்தைக் கொசுறாகப் போட்டார்.
முந்நூற்று இருபது ரூபாயில்
கோல்ஃப் ஆட்டக்காரன் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வீசியபோதுதான் தெரிந்தது,
மட்டைகளின் முகமெல்லாம்
எதிர்ப்பக்கம் பார்த்தன.
யாரோ ஓர் இடதுகைக்காரர்.
திருப்பிக் கொண்டுபோனேன்.
"இரும்புல ஏது தம்பி எடது வலது?"

பையின் ஜிப் துருவேறிக் கிடந்தது.
குறடு போட்டு இழுத்ததில்
மூன்று மர ஆணி,
விரல் மடிப்பு கலையாத ஒற்றைக் கையுறை,
கொடைக்கானல் என்று அச்சடித்த அட்டை.
அதில் பென்சிலால்
ஒன்பது, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு...
ஏழாம் குழிக்கு மேல் எழுத்தே இல்லை.
மழை வந்திருக்கலாம்.
வெறுத்துப்போயும் இருக்கலாம்.
அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காவல்கிணற்றுக்குத் தெற்கே
காற்றாலைகளில் எனக்கு வேலை.
ஆனியில் காற்று மிஞ்சினால்
கோபுரம் ஏறக் கூடாது.
ஆக, ஓய்வு கிடைப்பதே
பந்து சொன்னபடி போகாத நேரத்தில்தான்.
மேற்கே அடித்தால்
கணவாய்க் காற்று கையோடு திருப்பித் தந்துவிடும்.
கிழக்கே அடித்தால் உடைமுள்,
தப்பினால் தவசிக்கனியின் கிணறு.

முதல் வாரம் முழுக்க மண்ணைத்தான் அடித்தேன்.
சரளை தெறித்துச் சட்டைப்பையில் விழுந்தது.
ஆடுகளை நிறுத்திவிட்டுத் தவசிக்கனி கேட்டாள்:
"கெழங்கா தோண்டுதிய?"
"பந்தக் குழில போடணும்."
"குழி எங்க?"
"இன்னும் தோண்டல."
அவள் சிரிக்காமல் போனாள்.
சிரித்திருக்கலாம்.

இப்போது நாலு பந்து மிச்சம்.
ஒன்று அவள் கோழிக்கூடையில் இருப்பதாகக் கேள்வி,
பெட்டைக்கு இடம் காட்ட வைத்த முட்டையாக.
நான் திருப்பிக் கேட்கவில்லை.
அதற்குப் பிறகு அந்தக் கோழி
வேலியோரம் போய் இடுவதில்லையாம்.

ஐப்பசியில் காற்று அடங்கியது.
எண்பது மீட்டர் உயரத்தில்,
கியர்பெட்டிக்குப் பின்னால்,
வலக்கை நுழையாத சந்தில் ஒரு போல்ட்.
அதற்கென்றே ஞானதுரையைக் கூப்பிடுவோம்,
பிறவி இடதுகைக்காரன்.
அன்று அவன் லீவு,
மச்சினிக்கு நிச்சயதார்த்தம்.
ஸ்பானரைக் கை மாற்றினேன்.
யோசித்துச் செய்யவில்லை.
மணிக்கட்டு அதுவாகத் திரும்பியது,
பின்னாலேயே இடுப்பும்.
ஒரு சத்தம் வந்தது,
இரும்பு இரும்போடு ஒத்துக்கொள்ளும் சத்தம்.
நாலு மாசமாகப் பந்தில்
ஒரு தடவைகூட நான் கேட்காதது.

கீழே இறங்கிப் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல்
கடப்பாரையால் ஒரு சாண் குழி எடுத்தேன்.
பெயின்ட் டப்பாவை அதில் இறக்கினேன்.
நாற்பத்திரண்டாம் நம்பர் கோபுர நிழலிலிருந்து
ஆரம்பித்தேன்.
ஆடு குறுக்கே வந்தது இரண்டு முறை.
கடைசியில் டப்பா
டங் என்றது.

அட்டையை எடுத்தேன்.
எட்டாம் கட்டத்தில்
முன்னவர் கையெழுத்துக்கு அடுத்து
பதினான்கு என்று போட்டேன்.

உண்மையில் பதினாறு.