சுவரை வரை

வினிபெக், செவ்வாய் இரவு, மைனஸ் இருபத்தாறு.
நூலகத்தின் அடித்தளத்தில் ஹீட்டர் இருமுகிறது.
இடுப்பில் கையூன்றி நிற்கிறார் டாரல்,
பகலில் பேருந்து ஓட்டுபவர்.

ஒன்பதாவது தாளிலும்
எனக்குக் கை வரவில்லை.
கத்தரிக்காயில் முளைத்த ஐந்து விரல்.

மாரிவிக் எட்டிப் பார்த்தாள்.
"தோள் சரி, அதை அழிக்காதே.
கையை விடு.
கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற
சுவரை வரை."

சுவரையா?

வரைந்தேன்.
சாய்ந்த முக்கோணம், ஒரு முனை மழுங்கல்,
உள்ளே பாதி சுவிட்ச் பலகை.
நிமிர்ந்தால்
அதன் விளிம்பில் முழங்கை,
நான் வரையாமலே.

தன் தாளை என் பக்கம் திருப்பினாள்.
தயங்கி, "கழுத்து கொஞ்சம் நீளம்" என்றேன்.
மறுபேச்சில்லை,
ரப்பரை எடுத்துவிட்டாள்.

திரும்பும் பேருந்தில்
கம்பி பிடித்து நிற்பவர்களிடையே
எத்தனை முக்கோணங்கள்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பனி.
என் நிறுத்தம் போயே போய்விட்டது.