ஐந்து ரூபாக் குத்தி

தண்ணித் தாங்கி மேட்டில் மட்டும்தான்
கந்தப்பளையில் எனக்கு இரண்டு கோடு சிக்னல்.
கோவா இலையோடு ஏறினேன்.
இலைமேல் பச்சையாய் ஒரு புழு,
தலை எது வால் எது என்று தெரியாத சளி.

படத்தோடு பனியும் போயிருக்க வேண்டும்.
"மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் நாணயம் வைத்து
மறுபடி எடுங்கள்"
பேராதனையிலிருந்து, நிலூகா என்று ஒரு பெயர்.

மடியில் கிடந்தது ஒரே குத்தி.
வைத்தேன்; புழு அதன்மேல் ஏறி
அப்பால் நழுவப் பார்த்தது.
கட்டைவிரலால் அமுக்கினேன்.
இந்த முறை படம் துல்லியம்.

கீழே சிவனாண்டி மருந்து கலக்குகிறான்.
கடனுக்கு எடுத்த போத்தல்.
குச்சி தகரத்தில் இடிபடுவது
மேடு வரைக்கும் கேட்கிறது.

"இது கோவாவைத் தின்பதில்லை.
கோவாவில் மொய்க்கும் அசுவினியைத் தின்பது.
பூ ஈயின் குஞ்சு.
மருந்து வேண்டாம், அதைச் செடியிலேயே விடுங்கள்."

டேய் நிறுத்துடா என்று கத்தினேன்.
தகரச் சத்தம் நின்றது, எனக்காகவோ
கலக்கி முடிந்ததாலோ.

குத்தியின் ஐந்தில்
பச்சையாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது கொஞ்சம்.

"விட்டுவிட்டீர்களா?" என்கிறார் நிலூகா.

சிக்னல் இருக்கிறது,
இரண்டு கோடும்.