இரண்டாம் பாகம்

முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில்
சாயப்பட்டறை பாய்லருக்குள்
விறகோடு விறகாக என்னைத் தள்ளிவிட்டாள்
மயிலாத்தாள்.
நல்ல முடிவுதானுங்க. நானே படித்து ரசித்தேன்.
சாம்பல்தான் கொஞ்சம் கூடுதல்.

செக்கிங் ரிஜிஸ்தரின் பின்பக்கங்களில்
டீ இடைவேளையில் எழுதியது.
பிழைகள் உண்டு.
பூண்டு எனக்கு ஆகாதாம்.
அரிசிம்பருப்புக்குப் பூண்டு தட்டிப் போடாத வீடு
திருப்பூரில் எதுங்க?
நிஜமென்றால் எப்போதோ
பட்டினியில் போயிருப்பேன்.

கண்ணாடியில் விழமாட்டேன் என்பது சரி.
அனுப்பர்பாளையத்தில் ஒரு குடம் கேட்டேன்.
கடை முழுக்க எவர்சில்வர்,
ஒன்றிலும் நான் இல்லை.
கடைக்காரர் முகம் மட்டும் நூறு தடவை வெளிறியது.
அதற்காகவே பேரம் பேசாமல் வாங்கினேன்.

நொய்யல் சிவந்ததையும் என் கணக்கில் எழுதியிருக்கிறாள்.
அது எக்ஸ்போர்ட் ஆர்டருங்க.
சிவப்பு டீசர்ட், நாற்பதாயிரம் பீஸ்.

கூப்பிடாமல் வாசல் தாண்ட முடியாது என்பதும் சரி.
அதனால்தான் இந்தச் சீமையிலேயே தங்கிவிட்டேன்.
யார் எவரென்று கேட்கும் முன்னே
‘வாங்க’ என்கிற ஊர்.
நாய் குரைத்து முடிப்பதற்குள்
சொம்பில் தண்ணீர் வந்துவிடும்.
குடித்துவிட்டு,
‘கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோங்க’ என்பேன்.
ஒருத்தரிடமும் மரியாதை குறைத்ததில்லை.

செத்தவர்கள் பதினொன்று என்கிறாள்.
பன்னிரண்டு.
அவள் வீட்டுக்காரன் சென்னியப்பனை விட்டுவிட்டாள்.
எழுதினால்
அன்றைக்குக் கதவைத் திறந்து
‘வாங்க’ என்றது யாரென்றும்
எழுத வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை
அவள் யாருக்கும் சொல்வதில்லை.
ஒரம்பரைகள் கோபித்துக்கொண்டு போனார்கள்.
நான் போகவில்லை.
நைட் ஷிப்டு விடும் நேரம்
ராயபுரத்து லைன் வீட்டுப் படிக்கு வெளியே நிற்பேன்.
கதவு பாதி திறந்திருக்கும்.
உள்ளே பனியன் குவியல், நூல் பிசிறு வெட்டும் கத்தரி.
‘என்ன வேணும்?’
‘இரண்டாம் பாகமுங்க.’

இன்று, விடியப் பத்து நிமிடம் இருக்க,
தலை நிமிராமல் சொன்னாள்:
‘நேரமாச்சு. போயிட்டு வாங்க.’

தெருமுனை வரை வந்துவிட்டேன்.
போனது ஆயிற்று.
பாக்கி இருப்பது இரண்டாவது சொல்.

ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும்
விரலால் தடவிப் பிடிக்கிறவள்
ஒரு வார்த்தையையா தப்ப விடுவாள்?

கிழக்கே வெளுக்கிறது.
கத்தரிச் சத்தம் நின்றிருக்கிறது.
காலரைச் சரிசெய்துகொண்டு
திரும்பி நடக்கிறேன்.